ஒரே பெட்டியில் இரண்டு நாடுகள்

எங்கள் ஷெட்டில் ஒரு தகரம் ஐந்து வருடமாகக் காலண்டருக்குப் பின்னால் மாட்டிக் கிடந்தது. அது யார் கண்ணிலும் படக்கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவள் கஸ்தூரி, என் சம்சாரம்.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுக்கு மரப்பெட்டி செய்கிற வேலை. பம்பு, வால்வு, வார்ப்புச் சாமான் என்று எந்தக் கம்பெனி எதை வெளிநாட்டுக்கு அனுப்பினாலும், தையல்காரன் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி அளவெடுத்துப் பெட்டி போட்டுக் கொடுப்போம். பெட்டி முடிந்ததும் எழுத்து வெட்டிய தகரத்தை அதன்மேல் வைத்துக் கறுப்பு மையை ஒற்றுவோம். குடைப் படம், அம்புக்குறி, கீழே எங்கள் பெயர் எல்லாம் பளிச்சென்று விழும். எங்கள் பழைய தகரத்தில் இருந்த பெயர் 'எத்திராஜ் பேக்கிங் ஒர்க்ஸ், அம்பத்தூர்'. அந்த எத்திராஜ் அடியேன்தான்.

காலண்டருக்குப் பின்னால் இருந்தது புதுத் தகரம். அதில் 'கஸ்தூரி எம்.ஏ. பேக்கிங் ஒர்க்ஸ்' என்று இங்கிலீஷ் எழுத்தில் வெட்டியிருந்தேன். தொண்ணூற்றிரண்டில் அவள் மாலைக் கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்த அன்றைக்கே, ஷெட்டில் உட்கார்ந்து உளியும் சுத்தியலும் வைத்து நானே வெட்டியது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பாஸ் பண்றதுக்கு முன்னாடி இத எந்தப் பெட்டி மேலயாவது வெச்சீங்க, அப்புறம் உங்க முதுகுல வெச்சி நானே மை தடவுவேன்" என்றாள்.

செய்யக்கூடியவள். அதனால் காலண்டருக்குப் பின்னால் போனது.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான், அதுவும் முக்கி முனகி. கஸ்தூரி ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், கல்யாணத்துக்கு முன்பே பி.ஏ. முடித்தவள். வந்த புதிதில் ஷெட்டுக் கணக்கைக் கையில் எடுத்தாள். எண்பதுகளில் எங்களுக்கு மரம் என்றால் ரஷ்யா மரம்தான். ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கு ரஷ்யாவிலிருந்து சாமான் வந்திறங்கிய பெரிய பெரிய பெட்டிகளை ஏலத்தில் எடுத்து, பிரித்து, ஆணி பிடுங்கி, அந்தப் பலகையில் எங்கள் பெட்டிகளைச் செய்வோம். பிறகு அந்த நாடே உடைந்தது, பெட்டி வரத்தும் குறைந்தது. அதற்குள் துறைமுகத்தில் நியூசிலாந்து பைன் வந்து இறங்க ஆரம்பித்திருந்தது. வெள்ளை வெளேரென்று, வாசனையாக, ஆணி அடித்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிற மரம்.

ஒருநாள் மரம் வாங்கப் போன இடத்தில் பலகையில் முடிச்சு அதிகமாக இருக்கிறதே என்று நான் சத்தம் போட்டேன். மரக்கடைக்காரர் பல்லைக் குத்திக்கொண்டே, "முடிச்சில்லாத நல்ல மரமெல்லாம் ஜப்பானுக்குப் போயிடும் எத்திராஜ். கழிச்சதுதான் நமக்கு" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது கஸ்தூரிக்குக் கோபம் வரவில்லை, சந்தேகம் வந்தது.

"ஜப்பான் எவ்ளோ வாங்குது? நாம எவ்ளோ வாங்கறோம்? அன்னிக்கி எவ்ளோ, இன்னிக்கி எவ்ளோ?" என்று கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியவில்லை. அதுவே அவள் எம்.ஏ. ஆய்வுக்குத் தலைப்பாகிவிட்டது. எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்து வரை இந்தியாவும் ஜப்பானும் வெளியிலிருந்து வாங்கிய மென்மரம், ஓர் ஒப்பீடு. மென்மரம் என்றால் பைன், தேவதாரு வகை. திருமுல்லைவாயிலில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ரயிலேறி நகரத்து நூலகம் நூலகமாக அலைந்தாள். காலையில் சமையல், பகலில் ஷெட்டுக் கணக்கு, சாயங்காலம் கல்லூரி. ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிற வித்தையை அந்த வருடங்களில்தான் கற்றுக்கொண்டாள்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் பக்தவத்சலம் நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். முதல் தடவை ஆய்வைக் குழுவுக்கு முன்னால் வைத்தபோது வரைபடத்தைப் பார்த்து ஒருவர், "ஜப்பான் கோடு தெரிகிறது. இந்தியா எங்கே?" என்று கேட்டாராம். இவள் அடியில் இருந்த கோட்டைக் காட்டியிருக்கிறாள். "அது வரைபடத்தின் அடிக்கோடு அல்லவா?" என்றாராம். அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடியதே இந்தியாதான். அத்தனை சின்ன நாடாகிவிட்டோம் அந்தத் தாளில்.

ஒப்பிடவே முடியாத இரண்டை ஒப்பிட்டிருக்கிறீர்கள், ஒப்பிட முடியும் என்று காட்டுங்கள், இல்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலைப்பை மாற்றினால் இன்னொரு வருடம் ஆகும். கல்லூரியில் சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பது விதி. தொண்ணூற்றேழு ஏப்ரலில் நடக்கப்போகும் நேர்முகத் தேர்வுதான் கடைசி. அதில் தேறினால் எம்.ஏ., இல்லையென்றால் ஐந்து வருட அலைச்சலும் அந்தத் தகரமும் பழைய இரும்புக்குத்தான்.

அன்று ராத்திரி அவள் தட்டுச் சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் படிப்பு வராது, மரம் வரும். "தாள்ல ஒரு ஜாண் ஒசரம்தான் கெடைக்கும். அதான் இந்தியா காணாமப் போவுது. கட்டையில செஞ்சா இன்னா? ஜப்பான ரெண்டு அடிக்கு நிறுத்து. அப்ப நம்மளும் கொஞ்சமாவது தெரிவோம் இல்ல?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையைக் கல்யாணமான புதிதில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பலகை. அதில் இரண்டு வரிசைக் குழிகள். வருடத்துக்கு ஒரு குழி. முன்வரிசை இந்தியா, பின்வரிசை ஜப்பான். எந்த வருடம் எவ்வளவு மரம் வந்ததோ அந்த அளவு உயரத்துக்குக் கட்டை நிற்க வேண்டும். கஸ்தூரி எல்லா உயரத்தையும் கணக்குப் போட்டு வேம்புலியிடம் சொன்னாள். வேம்புலி எங்கள் ஷெட்டில் மூத்த ஆள், இழைப்புளி பிடிப்பதில் அந்த எஸ்டேட்டிலேயே அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவன் சம்சாரம் முனியம்மாவும் எங்களிடம்தான் ஆணி அடிக்கிறாள், அவள் வாய் ஆணியைவிடக் கூர்மை.

"ஜப்பான் சரி அண்ணி. இந்தியாவுக்கு இன்னா சொன்னீங்க?" என்று கேட்டான் வேம்புலி.

"எம்பதுல கால் மில்லிமீட்டர்."

"அது அளவே இல்ல அண்ணி. ரம்பத்துப் பல்லு கனம் அத விட ஜாஸ்தி கீது. அறுக்கறதுக்குள்ள நாடே தூளாப் பூடும்."

"முடிஞ்ச வரைக்கும் மெல்லிசாப் பண்ணு வேம்புலி. கடைசில, தொண்ணூத்தஞ்சுல கொஞ்சம் கனம் வரும்."

"கொஞ்சம்னா?"

"பல்பம் கனம்."

வேம்புலி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டான். டீ வந்திருந்தது, எல்லாரும் மரக்குவியல் மேல் உட்கார்ந்தோம். அவன் முகம் மட்டும் தெளியவில்லை.

"இன்னாத்துக்கு அண்ணி நம்ம நாட்ட இப்பிடி மட்டம் தட்டறீங்க? ஜப்பான் கொடிக்கம்பம் மாரி நிக்கிது, நாம தரையோட தரையா கீறோம்."

முனியம்மா விடுவாளா? "வெளியிலேர்ந்து வாங்கறதுதானே கணக்கு? கம்மியா வாங்கினா நல்லதுதானேய்யா. எதிர்த்த ஊட்டுல போயி சக்கர குடு, காப்பித்தூள் குடுன்னு நிக்காத பொம்பளதானே கெட்டிக்காரி" என்றாள்.

"அது உனுக்கும் எனுக்கும் தெரியும். பாக்க வர்ற பெரிய மனுசனுக்கு இன்னா தெரியும்? ஒசரமா கீறவன் பெரியவன், குட்டையா கீறவன் சின்னவன். அவ்ளோதான்."

எனக்கே குழம்பிவிட்டது. குறைவாக வாங்கினால் பெருமையா, அதிகமாக வாங்கினால் பெருமையா? கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் டம்ளரை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்.

"கம்மியா வாங்கறது பெருமையும் இல்ல, ஜாஸ்தியா வாங்கறது பெருமையும் இல்ல. உள்ளத உள்ளபடி காட்டணும், அதான். பொய் சொல்லி வாங்கற எம்.ஏ. எனக்கு எதுக்கு?"

வேம்புலி தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன். பதினைந்து வருடம் கூட வேலை செய்தும் எனக்கு அவன் தலையாட்டல் விளங்கவில்லை பாருங்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் கஸ்தூரி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கம்பெனிக்கு அளவெடுக்கப் போய்விட்டுத் திரும்பினேன். வருவதற்குள் வேம்புலி வேலையை முடித்து, பலகையைப் பெட்டியில் வைத்து, ஆணியும் அடித்துவிட்டிருந்தான். எங்கள் ஷெட்டில் எதைச் செய்தாலும் அதைப் பெட்டியில் போட்டு மூடினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். முனியம்மா வீட்டுக்குப் புளி வாங்கிப்போனால்கூடப் பெட்டி கட்டித்தான் எடுத்துப் போவாள் என்று கேலி பேசுவோம்.

"உள்ள மரச் சீவல் ரொப்பிக் கீறேன். கப்பல்ல போட்டாலும் ஆடாது" என்றான்.

"எல்லாம் அண்ணி சொன்ன அளவுதானே?"

"ஜப்பான் அண்ணி சொன்ன அளவு அண்ணாத்தே. ஒரு நூல் கூட இல்ல, கொறச்சலும் இல்ல."

இந்தியாவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பெட்டியை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி அம்பத்தூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, ரயிலில் காய்கறிக் கூடைக்காரர்களோடு முட்டி மோதி நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கஸ்தூரி ஊதாக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். ஆணி பிடுங்க ஆள் வேண்டும் என்று சொன்னதால் என்னையும் அறைக்குள் விட்டார்கள். சுவரோரமாக நின்றேன். மூன்று பேர் மேஜைக்குப் பின்னால். நடுவில் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், ஜெகதாம்பாள் என்று பெயர், நரைத்த தலை, தடித்த கண்ணாடி. பக்கத்தில் பக்தவத்சலம் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இதற்குள் என்ன, இயந்திரமா?" என்று கேட்டார் ஜெகதாம்பாள்.

"இரண்டு நாடு மேடம்" என்றாள் கஸ்தூரி. மூவரும் சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

வேம்புலி அடித்த ஆணிகளைப் பிடுங்க எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. ராக்கெட்டே அனுப்பலாம், அப்படி அடித்திருந்தான். மூடியைத் திறந்து, சீவலை இரண்டு கையாலும் வாரித் தரையில் போட்டுவிட்டு, பலகையைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன்.

பின்வரிசையில் ஜப்பான், வெள்ளைப் பைன் மரத்தில், கிட்டத்தட்ட இரண்டடி உயரத்தில் நின்றது. முன்வரிசையில் இந்தியா. சிவந்த ரஷ்யா மரம், கண்ணாடி மாதிரி இழைத்து மெருகேற்றியது. அதுவும் இரண்டடி. இல்லை, இரண்டடிக்கு மேல் ஒரு விரற்கடை கூடவே இருந்தது. ஒவ்வொரு இந்தியக் கட்டைக்கும் நெற்றியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தான் படுபாவி. ஜப்பானுக்கு ஒன்றும் இல்லை.

ஜெகதாம்பாள் ஆய்வறிக்கையைப் புரட்டினார், பலகையைப் பார்த்தார், மறுபடியும் அறிக்கையைப் பார்த்தார்.

"நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் வேறு, இங்கே நிற்பது வேறாக இருக்கிறதே" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வேம்புலி மட்டும் அந்த நேரம் கையில் கிடைத்திருந்தால் அவனையே ஒரு பெட்டியில் போட்டு ஆணி அடித்திருப்பேன். ஐந்து வருடம். நின்றுகொண்டே தூங்கின ஐந்து வருடம். காலண்டருக்குப் பின்னால் இருக்கிற தகரம் என் கண்முன்னால் வந்து நின்றது. கஸ்தூரி முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவள் கையைப் பார்த்தேன். அந்தக் கை ஒரு கட்டையை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பக் குழியில் வைத்தது.

"எண்கள் சரி மேடம். கட்டைகள் தப்பு" என்றாள். "எங்க ஷெட்டில் இதை அறுத்தவருக்கு நம்ம நாட்டைக் குட்டையா அறுக்க மனசு வரலை. அவர் மேல தப்பில்லை. நான் திறந்து பார்த்திருக்கணும், பார்க்கலை. எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தீங்கன்னா சரி பண்ணிடறேன்."

பக்தவத்சலம் கண்ணை மூடிக்கொண்டார். ஜெகதாம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கேயா? எதை வைத்து?" என்று கேட்டார்.

கஸ்தூரி இந்தியக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் குழியிலிருந்து உருவினாள். தரையில் போடவில்லை. குங்குமம் அழியாமல் மேஜை ஓரத்தில் வரிசையாகப் படுக்க வைத்தாள். பிறகு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நான் வாரிப்போட்ட சீவல் குவியலுக்கு முன்னால் மண்டியிட்டாள். பைன் மரத்தை இழைக்கும்போது இழைப்புளி வாயிலிருந்து சுருள் சுருளாக வருமே, அந்தச் சீவல். ஒன்றை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தாள். இன்னொன்று. வேம்புலி இழைப்பில் ஒரு குணம் உண்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை சீவல் ஒரே கனமாக வரும்.

"கால் மில்லிமீட்டர்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ஒரு துண்டைக் கிள்ளி, எண்பது என்று எழுதின குழிமேல் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் அது மேலே சுழன்ற மின்விசிறிக் காற்றில் பறந்து போயிற்று. இரண்டாவதும் பறந்தது. நான் சுவிட்சைத் தேடுவதற்குள் ஜெகதாம்பாளே எழுந்துபோய் விசிறியை நிறுத்தினார். ஏப்ரல் வெயிலில் ஜன்னல் கம்பியே கொதிக்கிற நேரம், எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. யாரும் போடச் சொல்லவில்லை.

"எண்பதில் இந்தியா, ஒரு சீவல்" என்றாள் கஸ்தூரி. அடுத்த வருடமும் ஒன்று. அதற்கடுத்தும் ஒன்றுதான். எண்பதுகளின் நடுவில் இரண்டு வந்தது, பிறகு ஒரு வருடம் மறுபடியும் ஒன்றாகக் குறைத்தாள். ஒரு எண்ணைக்கூட அறிக்கையைப் பார்த்துச் சொல்லவில்லை. தொண்ணூற்றொன்றைத் தாண்டியதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். நாலு. ஆறு. ஒன்பது. தொண்ணூற்றைந்தில் பன்னிரண்டு சீவல், ஒரு மெல்லிய பல்பத்தின் கனம்தான். அதற்குப் பின்னால் ஜப்பான் இரண்டடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஜெகதாம்பாள் கிட்டே குனிந்து பார்த்தார். "சரி. ஒரு சீவலையும் இரண்டடிக் கட்டையையும் ஏன் ஒப்பிட வேண்டும்? இதில் யாருக்கு என்ன தெரியப்போகிறது?" என்று கேட்டார். இந்தக் கேள்விதான் அவளைப் போன தடவை திருப்பி அனுப்பியது.

"உயரத்தை ஒப்பிடலை மேடம், நடந்ததை ஒப்பிடறேன். ஜப்பான் வீடெல்லாம் மரத்தில் கட்டற நாடு. அங்கே வீடு அதிகமா கட்டின வருஷம் கட்டை ஏறுது, கட்டாத வருஷம் இறங்குது. ஆனா முதல் கட்டையையும் கடைசிக் கட்டையையும் பாருங்க, பெரிய வித்தியாசம் இல்லை. அவங்க என்றைக்கோ வளர்ந்து முடிச்சாச்சு. நம்மகிட்ட ஒண்ணு பன்னிரண்டாகியிருக்கு. சின்னதா இருக்கிறதும் நிஜம், வளர்றதும் நிஜம். ஒண்ணை மறைச்சா இன்னொண்ணு தெரியாது."

அப்புறம் திரும்பி, நான் திறந்த காலிப் பெட்டியைக் கையால் தட்டினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம். இந்தப் பெட்டியும் வெளிநாட்டு மரம்தான். துறைமுகத்தில் இறங்கினப்போ மரம்னு எழுதினாங்க. இதில் வார்ப்புச் சாமானை வெச்சு ஜப்பானுக்கு அனுப்பறப்போ, சாமானை எழுதுவாங்க, மரத்தை யாரும் எழுதறதில்லை. அதனால அம்பத்தூர் வழியா ஜப்பானுக்குப் போற மரம் அந்த ஜப்பான் கட்டையில் இல்லை."

"அது எவ்வளவு இருக்கும்?"

"தெரியாது மேடம். யாரும் கணக்கு வைக்கலை. வைக்கணும்னு கடைசி அத்தியாயத்தில் எழுதியிருக்கேன்."

ஜெகதாம்பாள் அறிக்கையின் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் படித்தார். பிறகு எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார். வராண்டாவில் நின்றோம். கஸ்தூரி விரலில் ஒட்டியிருந்த மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து பக்தவத்சலம் வந்தார். கைக்குட்டை கயிறாகியிருந்தது.

"முதல் வகுப்பு அம்மா" என்றார். "விசிறியைப் போடட்டுமா என்று கேட்டேன். சீவல் பறந்துவிடும், போடாதீர்கள் என்கிறார்."

கஸ்தூரி அழவில்லை. நான் அழுதேன், அதில் என்ன வெட்கம். முப்பது பேர் கூடியிருந்த இடமாக இருந்தாலும் அழுதிருப்பேன். தன் நாட்டைச் சின்னதாகக் காட்ட வேண்டிய இடத்தில் சின்னதாகக் காட்டிவிட்டுத் தலை நிமிர்ந்து நின்றாளே, அவள் என் பெண்டாட்டி. இன்றைக்குவரை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

ரயிலில் திரும்பும்போது அழுகை அடங்கிக் கோபம் வந்தது. "அந்த வேம்புலியோட தோல உரிக்கறேன் பாரு" என்று வில்லிவாக்கத்தில் ஆரம்பித்தவன் கொரட்டூர் வரைக்கும் நிறுத்தவில்லை. இந்தியக் கட்டைகள் என் காலடியில் பெட்டிக்குள் இருந்தன, கஸ்தூரி மடியில் பலகை இருந்தது. சீவல் பறக்காமல் இருக்க அதன்மேல் அவளுடைய முந்தானை இருந்தது.

"ஒரு வார்த்த அவன சொன்னீங்க, நான் பேச மாட்டேன். அவன் ஒழுங்கா இழைச்ச சீவல் இல்லன்னா இன்னிக்கி நான் எங்க போயி நின்னிருப்பேன்?" என்றாள்.

ஷெட்டில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். "பாஸ்" என்று நான் சொன்னதும் முனியம்மா சுத்தியலால் ஒரு காலி டின்னைத் தட்டி எஸ்டேட்டையே எழுப்பிவிட்டாள். வேம்புலி மட்டும் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டான்.

"இந்தியா எப்பிடி நின்னுச்சி அண்ணி?"

"நிக்கல வேம்புலி. எல்லாத்தையும் புடுங்கிட்டேன்."

அவன் முகம் வாடிவிட்டது. முனியம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்த இந்தியா கட்டைக்குப் பலக ஏதுன்னு நெனச்ச யக்கா? எங்க ஊட்டு சாமி மாடத்துக்குன்னு ஏழு வருசமா பரண்ல வெச்சிகினு இருந்த ரஷ்யா பலக. எனுக்குக் கூட காட்டாம ராவோட ராவா அறுத்துட்டாரு" என்றாள்.

நான் உரிக்க நினைத்த தோலை அவனே ஏற்கெனவே உரித்துக் கொடுத்திருந்தான். திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த வார்த்தை எல்லாம் உள்ளேயே போய்விட்டது.

கஸ்தூரி பலகையைக் கீழே வைத்து முந்தானையை எடுத்தாள். "இதப் பாரு. தொண்ணூத்தஞ்சு. இது பன்னெண்டும் நீ இழைச்ச சீவல்தான். அந்தம்மா கிட்டக்க குனிஞ்சு இததான் பாத்தாங்க, ஜப்பான பாக்கவே இல்ல."

வேம்புலி உட்கார்ந்து, ஆள்காட்டி விரல் நுனியால் அந்தச் சின்ன அடுக்கைத் தொட்டான். கலைந்துவிடுமோ என்று பயந்து உடனே விரலை எடுத்துக்கொண்டான்.

"எண்ணிப் பாத்தா மொத வருசத்துக்குப் பன்னெண்டு மடங்கு கீது, இல்ல அண்ணி?"

"ஆமா."

"அப்ப சரி" என்றான். "கட்டைய நான் எட்த்துனு போறேன். சாமி மாடத்துக்கு வெச்சது, சாமிக்கே போவட்டும். குங்குமம் கூட வெச்சாச்சி."

பிறகு அவன் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். எழுந்து நேராகச் சுவரருகே போனான், காலண்டரை ஒதுக்கினான், பின்னால் இருந்த தகரத்தை எடுத்துப் புறங்கையால் தூசி தட்டினான். ஐந்து வருடமாக யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தது ஷெட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்கும் பொட்டு வைத்துவிட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

நடுவில் ஒரு பெட்டி முடிந்து பெயருக்காகக் காத்திருந்தது. உள்ளே வால்வு, போகிற இடம் ஜப்பான், யோகோஹாமா துறைமுகம். வேம்புலி தகரத்தை அதன்மேல் வைத்து ஆடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ஒத்துங்க அண்ணி."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். முதுகில் மை தடவுவேன் என்று சொன்னவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. முனியம்மா மைத் துணியை அவள் கையில் திணித்தாள். அவள் இங்கிலீஷ் 'கே'யிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக ஒற்றிக்கொண்டு போனாள். 'எம்.ஏ.' வந்தபோது மட்டும் கை ஒரு நொடி நின்றது. பிறகு மற்ற எழுத்துகளைவிட அதை அழுத்தி ஒற்றினாள். வேம்புலி தகரத்தைத் தூக்கினான்.

சாயங்காலம் லாரி வந்து அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. அந்த மரத்தை ஜப்பான்காரன் எந்தக் கணக்கிலும் எழுதப்போவதில்லை. பெயரையாவது படிக்கட்டும்.